முகத்தில் அடிபட்டால் எந்தப் படம்? குறைந்த டோஸ் சிடியும் மற்றவையும்

சிடி மேசையில் ஒருவர் படுத்திருக்கிறார். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடிவிட்டது. கன்சோலில் என் முன்னால் இரண்டு புரோட்டோகால்: ஒன்று வழக்கமான முகச் சிடி, இன்னொன்று அதில் கால் பங்கு கதிர்வீச்சு டோஸில் எடுப்பது. கையில் இருக்கும் சீட்டில் 'முகச் சிடி, ஃப்ராக்சர் உண்டா?' என்று ஒரே வரி. எதைத் தட்டுவது?

இதைத் தெளிவுக்கும் பாதுகாப்புக்கும் நடுவே நடக்கும் பேரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் முதலில் கேட்பது வேறு. இவருக்கு எலும்பை மட்டும் பார்த்தால் போதுமா, சதையையும் பார்க்க வேண்டுமா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். அந்த ஒரு வரிச் சீட்டில் இல்லாததும் அதுதான்.

எலும்புக்கு ஏன் குறைந்த டோஸ் போதும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம். சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. சிடியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்பார்கள். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, எலும்பு சில நூறில் தொடங்கி 1000ஐத் தாண்டும். முகத்தில் மெல்லிய எலும்புக்குப் பக்கத்திலேயே காற்று நிறைந்த சைனஸ் அறைகள் இருப்பதால், எலும்புக்கும் காற்றுக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் நிற்கிறது. டோஸைக் குறைத்தால் படத்தில் பொடிப்பொடியாக ஒரு இரைச்சல் கூடும். பாதி டோஸுக்கு அது சுமார் 1.4 மடங்காகும், கால் டோஸுக்கு இரண்டு மடங்காகும். உதாரணத்துக்கு 10 அலகாக இருந்த இரைச்சல் 20 ஆனால் எலும்பின் விளிம்பு அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆனால் மூளையில் சாம்பல் பகுதிக்கும் வெண் பகுதிக்கும் வித்தியாசமே 5 முதல் 10 அலகுதான். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50 முதல் 70; சுற்றியுள்ள மூளை 30 முதல் 40. அங்கே 20 அலகு இரைச்சல் வந்தால் மெல்லிய கசிவு அதற்குள் மறைந்துபோகும்.

வெள்ளைச் சுவரில் கிழித்த கரிக்கோடு மங்கிய விளக்கிலும் தெரியும். வெள்ளைத் துணியில் சிந்திய பாலைக் கண்டுபிடிக்கத்தான் நல்ல வெளிச்சம் வேண்டும். முக எலும்பு முறிவு பெரும்பாலும் கரிக்கோடு.

டோஸைக் குறைக்கும் வழிகள் ரகசியம் ஒன்றுமில்லை. குழாயில் ஓடும் மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் டோஸும் பாதியாகும். கிலோவோல்ட்டை 120இலிருந்து 100க்கு இறக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, டோஸ் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். சில கருவிகளில் கதிர்க்குழாயின் முன்னால் ஒரு வெள்ளீயத் தகடு வந்து நிற்கும். படத்துக்கு உதவாமல் தோலோடு நின்றுபோகும் வலுவற்ற கதிர்களை அது முன்கூட்டியே தடுத்துவிடும். அப்புறம் கணினி. பழைய முறையில் படத்தை ஒரே மூச்சில் கட்டினார்கள்; இப்போது திரும்பத் திரும்பச் சரிபார்த்து இரைச்சலைக் கழித்துக் கட்டுகிறார்கள். இதில் ஒரு எச்சரிக்கை: கணினியை அதிகமாகச் சலவை செய்யவிட்டால் படம் பிளாஸ்டிக் பொம்மை போல வழுவழுவென்று ஆகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், தாளைவிடக் கொஞ்சமே தடித்த எலும்புகளின் விளிம்பு மழுங்கியிருக்கும்.

'லோ டோஸ்' என்பது சட்டம் போட்டு வைத்த எண் இல்லை. ஓர் இடத்தின் லோ டோஸ் இன்னோர் இடத்தில் வழக்கமான டோஸாக இருக்கலாம். அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பார்ப்பது நல்லது. உடல் வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவெர்ட் என்ற அலகில் சொல்வார்கள். தலைச் சிடி ஒன்றுக்கு சுமார் 2 மில்லிசீவெர்ட். வழக்கமான முகச் சிடி 0.5 முதல் 1 வரை. நன்றாகக் குறைத்து எடுத்தால் 0.1 அல்லது 0.2. பற்களுக்கு எடுக்கும் ஓபிஜி அதைவிடவும் மிகக் குறைவு, 0.01 முதல் 0.03 வரைதான். எதுவும் எடுக்காமல் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் நமக்கு வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கணக்கில் 1 மில்லிசீவெர்ட் என்பது ஐந்து மாத வாழ்க்கை, 0.1 என்பது இரண்டு வாரம்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு கவலை?

நியாயமான கேள்வி. வளர்ந்த ஒருவருக்கு ஒரே ஒரு முறை முகச் சிடி எடுப்பதாக இருந்தால் குறைந்த டோஸால் மிஞ்சுவது கொஞ்சம்தான். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டை வைத்துக் கணக்குப் போட்டால் 1 மில்லிசீவெர்ட் வாங்கும் ஏறத்தாழ இருபதாயிரம் பேரில் ஒருவருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் போன்ற பாதிப்பு வரலாம். அதுவும் அதிக டோஸ் பெற்றவர்களிடம் கண்டதைக் கீழே நீட்டிப் போட்ட கணக்கு. ஒரு முறிவைத் தவறவிட்டு ஆயுள் முழுக்க இரண்டிரண்டாகத் தெரியும் பார்வையோடு வாழ்வதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டோஸுக்குப் பயந்து சிடியையே வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. ஸ்கேன் முடிந்ததும் கருவி ஒரு டோஸ் பக்கத்தைப் பதிவு செய்யும்; அதில் டிஎல்பி என்று ஒரு எண் இருக்கும், டோஸையும் எடுத்த நீளத்தையும் பெருக்கி வருவது. தலைப் பகுதிக்கு அதை 0.0021ஆல் பெருக்கினால் வளர்ந்தவருக்கான தோராயமான மில்லிசீவெர்ட் கிடைக்கும். டிஎல்பி 400 என்றால் 0.84, டிஎல்பி 60 என்றால் 0.13. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெருக்க வேண்டிய எண் 0.0040. ஒரு வயதுக்கு 0.0067. அதாவது கருவி காட்டும் அதே 400 ஒரு வயதுக் குழந்தைக்கு 2.7 ஆகிவிடும், வளர்ந்தவரைப்போல மூன்று மடங்குக்கு மேல். தைராய்டும் அருகிலேயே இருக்கிறது, இனி வாழப்போகும் ஆண்டுகளும் அதிகம். பெரியவருக்கு வைத்த அளவிலேயே குழந்தைக்கும் பொத்தானை அமுக்குவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய 'இமேஜ் ஜென்ட்லி' இயக்கம் சொன்னதும் இதைத்தான்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப எடுக்கப்படுபவர்கள். அறுவைக்கு முன் ஒன்று, தட்டு வைத்தபின் ஒன்று, வலி தீரவில்லை என்று மூன்றாவது. கண்ணின் லென்ஸ் இந்தக் கதிர்ப்பாதையிலேயே இருக்கிறது. கண்புரைக்கான தொடக்க அளவைச் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் 0.5 கிரே (ஓர் உறுப்பு உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) என்று முன்பைவிடக் கீழே கொண்டுவந்தது. ஒரு ஸ்கேன் அதன் அருகில்கூடப் போகாது, ஆனால் கூடிக்கொண்டே போகும் கணக்கு இது.

எக்ஸ்ரே, ஓபிஜி, கோன் பீம்

முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் சிடி என்பது பழைய வழக்கம். முகவாயைத் தூக்கி வைத்து எடுக்கும் வாட்டர்ஸ் படத்தில் கன்ன எலும்பும் கண்குழியின் கீழ் விளிம்பும் ஓரளவு தெரியும். சைனஸில் ரத்தம் தேங்கி மட்டமாக நின்றால் எங்கோ உடைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். எங்கே, எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. ரெனே லே ஃபோர்ட் 1901இல் சடலங்களின் முகத்தில் அடித்துப் பார்த்து நடுமுகம் எந்தக் கோடுகளில் பிளக்கிறது என்று வகுத்தார். அந்த மூன்று வகையிலும் மேல்தாடைக்குப் பின்னால் இருக்கும் சிறகு போன்ற மெல்லிய எலும்புத் தகடு உடைந்திருக்கும். எக்ஸ்ரேயில் அதன்மேல் மொத்த மண்டையோடும் நிழல் போட்டுக்கொண்டு நிற்கும். கால் டோஸ் சிடியில்கூட அது பளிச்சென்று தெரியும். கன்னமும் நடுமுகமும் உடைந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டால் எக்ஸ்ரேயைத் தாண்டி நேரே குறைந்த டோஸ் சிடிக்குப் போவதே மேல் என்பது என் கட்சி. எக்ஸ்ரே எடுத்தும் சந்தேகம் தீராமல் சிடிக்கு வருபவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

மூக்குக்கு இது எதுவுமே வேண்டாம். முகத்தில் அதிகம் உடைவது மூக்கெலும்புதான், ஆனால் அதைக் கண்டுபிடிப்பது டாக்டரின் விரலும் கண்ணும். படத்தில் கோடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வைத்தியம் மாறாது. வளைந்திருக்கிறதா என்று நாலைந்து நாள் கழித்து வீக்கம் வடிந்ததும் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் நிமிர்த்துவார்கள். அன்றைக்கே பார்க்க வேண்டியது மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்பது. அதற்கு டார்ச் போதும். விட்டுவிட்டால் குருத்தெலும்பு கரைந்து மூக்கு உள்வாங்கிவிடும். மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் போல ஒழுகினால் மட்டும் கதை வேறு. அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம், அப்போது மெல்லிய வெட்டுகளாகச் சிடி எடுத்தே ஆக வேண்டும்.

கீழ்த்தாடைக்கு இன்னமும் ஓபிஜிக்கு இடம் உண்டு. அதற்கு முன்னால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. நாக்கை அழுத்திப் பார்க்கும் மரப்பட்டையைக் கடைவாய்ப் பல்லில் கடிக்கச் சொல்லி, டாக்டர் அதை முறுக்குவார். பட்டை ஒடியும்வரை கடித்துப் பிடிக்க முடிந்தால் தாடை உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. வலி தாங்காமல் வாயைத் திறந்துவிட்டால் படம் எடுக்க வேண்டும். தாடை ஒரு வளையம் மாதிரி. ஒரு பக்கம் உடைந்தால் பெரும்பாலும் இன்னோர் இடத்திலும் உடைந்திருக்கும். முகவாயில் அடிபட்டு விழுந்தவரின் காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டைப் பார்க்காமல் விடக்கூடாது. ஓபிஜியின் பலவீனம் முகவாயின் நடுப்பகுதி: கழுத்தெலும்பின் நிழல் விழுந்து மங்கிவிடும். உடைந்த மூட்டு முனை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்பதும் அதில் தெரியாது. தவிர, கருவி முகத்தைச் சுற்றி வரும் 15, 20 விநாடி நோயாளி அசையாமல் நிற்கவோ உட்காரவோ வேண்டும். அடிபட்டு மயக்கத்தில் இருப்பவரிடம் அது நடக்காது.

பல் மருத்துவமனைகளில் இருக்கும் கோன் பீம் சிடியும் இதே கட்டத்தில் வரும். பல்லும் தாடையும் மட்டும் என்றால் அருமையான கருவி. சிறிய பகுதியை மட்டும் எடுத்தால் டோஸ் மிகக் குறைவு, பல்வேரில் உள்ள மயிரிழை விரிசல்கூடத் தெரியலாம். முழு முகத்தையும் எடுத்தால் டோஸ் ஏறி குறைந்த டோஸ் சிடியின் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் சதை தெரியாது, அசைந்தால் படம் கெடும். கழுத்தில் காலர் போட்டுக்கொண்டு டிராலியில் படுத்திருப்பவரை அதன் நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. தானாக நடந்து வந்து, தாடை மட்டும் வலிக்கிறது என்பவருக்கு அது சரி.

அல்ட்ராசவுண்டில் மூக்கெலும்பும் கன்ன வளைவும் நன்றாகவே தெரியும், கதிர்வீச்சும் இல்லை. ஆழத்துக்குப் போகாது, கண் கிழிந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் மேலே வைத்து அழுத்தக் கூடாது. எம்ஆர்ஐ மெல்லிய எலும்புக்கு உதவாது. கண்ணுக்குள் இரும்புத் துகள் போயிருக்கலாம் என்றால் அந்தக் காந்த அறைப் பக்கமே போகக் கூடாது.

கண்குழி: இங்கேதான் நிதானம்

குறைந்த டோஸைப் பற்றி நான் இவ்வளவு ஆர்வமாகச் சொன்னாலும் கண்குழி வந்ததும் கை தயங்கும். அதன் தரை அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இடங்கள் உண்டு. மூக்குப் பக்கச் சுவர் இன்னும் மெல்லியது. கண்ணில் பந்து பட்டதும் தரை கீழே இடிந்து, கொழுப்பும் சில சமயம் கண்ணை அசைக்கும் தசையும் சைனஸுக்குள் தொங்கும். எலும்பு உடைந்ததா என்பதைக் குறைந்த டோஸ் காட்டிவிடும். தசை மாட்டிக்கொண்டதா என்பதுதான் அறுவைக்கு அவசரமா இல்லையா என்று தீர்மானிக்கும் கேள்வி. அது சதைக் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்பு நானே இதில் மாட்டியிருக்கிறேன். சீட்டில் வழக்கமான அந்த ஒரு வரிதான். இளைஞர், எலும்பைத்தானே கேட்கிறார்கள் என்று கால் டோஸில் எடுத்தேன். தரையில் முறிவு அழகாகத் தெரிந்தது. பெருமையாக அனுப்பி வைத்த பத்தாவது நிமிடம் போன்: "கண் மேலே போகவில்லை, தசை கீழே மாட்டியிருக்கிறதா?" சதைப் படத்தைத் திறந்தால் கண்குழிக்குக் கீழே ரத்தம், கொழுப்பு, தசை எல்லாம் ரவை கொட்டியது போல. கண்குழிப் பகுதியை வழக்கமான டோஸில் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விட்டது. அன்றிலிருந்து சீட்டில் ஒரு வரி மட்டும் இருந்தால் எடுப்பதற்கு முன் நான் போன் செய்துவிடுகிறேன்.

குழந்தைகளில் இது இன்னும் சிக்கல். அவர்களின் எலும்பு பச்சைக் கிளை போல வளைந்து, உடைந்த தரை கதவு போலத் திறந்து, தசையைக் கவ்விக்கொண்டு திரும்ப மூடிவிடும். வெளியே கண் சிவந்துகூட இருக்காது. மேலே பார் என்றால் அந்தக் கண் மட்டும் போகாது; குழந்தை வாந்தி எடுக்கும், நாடித் துடிப்பு குறையும், தலையில்தான் அடி என்று எல்லோரும் மூளையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். படத்தில் எலும்பு பெரும்பாலும் தன் இடத்தில்தான் இருக்கும். இருக்க வேண்டிய இடத்தில் தசை இருக்காது, அவ்வளவுதான் அடையாளம். ஓரிரு நாளுக்குள் விடுவிக்காவிட்டால் தசை செத்துப்போகும். ஆக, டோஸை மிகக் குறைக்க வேண்டியவரிடமே சதையும் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. நான் என்ன செய்வேன்? குழந்தையின் அளவுக்குக் குறைப்பேன், ஆனால் கருவி தரும் ஆகக் கீழ்ப் படிக்குப் போகமாட்டேன். எடுக்கும் நீளத்தைச் சுருக்கிக் கண்குழியோடு நிறுத்துவேன். முகவாய்வரை எடுக்காமல் விடுவதிலேயே தைராய்டு தப்பிவிடும்.

'எலும்புக்கு ஒன்று, சதைக்கு ஒன்று என்று இரண்டு தடவை எடுத்தீர்களா?' என்று கூட வந்தவர்கள் கேட்பதுண்டு. இல்லை. ஒரே முறை எடுத்த தகவலிலிருந்து கணினி இரண்டு விதமாகக் கட்டுகிறது, குறுக்கு வெட்டும் நெடுக்கு வெட்டும் முப்பரிமாணமும் அதிலிருந்தே. முப்பரிமாணப் படத்தைப் பார்த்து மட்டும் யாரும் பயந்துவிட வேண்டாம். கண்குழித் தரை போன்ற மெல்லிய எலும்பு அதில் ஓட்டையாகத் தெரிவது சகஜம். டோஸ் குறைந்தால் ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரியும். வெட்டுப் படம்தான் சாட்சி.

தலையிலும் அடிபட்டிருந்தால் இந்த விவாதமே இல்லை. நினைவு தப்பியவர், வாந்தி எடுப்பவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மூளைக்கு முழு டோஸ் போக வேண்டும். அப்போது தலையைத் தனியாகவும் முகத்தைத் தனியாகவும் எடுப்பது வீண். நெற்றியும் கண்ணும் இரண்டு முறை கதிர் வாங்கும். ஒரே ஓட்டத்தில் உச்சியிலிருந்து முகவாய்வரை எடுத்து, முகத்தை அதிலிருந்தே கட்டிக்கொள்ளலாம். பெரிய அடி என்றால் கழுத்தெலும்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

தட்டும் திருகும் வைத்தபின் நிலை பார்ப்பதற்குக் குறைந்த டோஸ்தான். அங்கே கேள்வி முழுக்க எலும்பும் உலோகமும். கிலோவோல்ட்டை மட்டும் ரொம்பக் கீழே இறக்கினால் உலோகத்தைச் சுற்றிக் கோடு கோடாக வரும். மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. அறுவைக்கு முன்னால் திட்டமிடவும், பார்வை சீராக இருந்து கன்னம் மட்டும் உள்வாங்கியவருக்கும், வாய் கடிப்பு மாறியவருக்கும் இதே பதில்தான்.

முதலில் சொன்ன அந்த இடது கன்னக்காரருக்கு வருவோம். போன் செய்தேன். பார்வை சரி, கண் எல்லாப் பக்கமும் போகிறது, இரண்டாகத் தெரியவில்லை, நினைவு தப்பவில்லை, கன்னமும் மேலுதடும் மரத்துப்போயிருக்கிறது என்றார்கள். அப்படியானால் அடி கன்ன எலும்பில், கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்போடு. கால் டோஸைத் தட்டினேன். நாலு விநாடியில் முடிந்தது. அறுவைக்கு வேறு இடத்துக்குப் போகப் போகிறார் என்று தெரிந்ததால், ஃபிலிமோடு மெல்லிய வெட்டுகள் முழுவதையும் குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்தேன். ஃபிலிமை மட்டும் கொண்டுபோனால் அங்கே 'தெளிவாக இல்லை, மறுபடி எடுத்துவாருங்கள்' என்பார்கள்.